11,000 ஃபாலோயர், 14 லைக்

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முறுக்கு, சீடை, அதிரசம் போட்டு விற்கும் அக்கா ஒருவர், போன வருடத் தீபாவளிக்கு முன் தன் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, பதினோராயிரம் பேர்னு போட்டிருக்கு. நேத்துப் போட்ட வீடியோவுக்குப் பதினாலு லைக். அதுலயும் மூணு எங்க வீட்டு ஆளுங்க. மிச்சப் பேரெல்லாம் எங்க போனாங்க?"

எங்கும் போகவில்லை, அவர்கள் வரவே இல்லை. காலேஜில் படிக்கும் அவர் மகன், அம்மாவுக்கு உதவுகிறேன் என்று யாரோ ஒரு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, 400 ஆக இருந்ததை ஒரே வாரத்தில் 11,000 ஆக்கியிருக்கிறான். இன்ஸ்டாகிராமில் இன்சைட்ஸைத் திறந்து, ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும் இடத்துக்குப் போனோம். முதல் ஐந்து ஊர்களில் நான்கு, அக்காவின் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். மும்பை ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நான்கு ஊர்களுக்கும் இவர் முறுக்கு அனுப்பப் போவதில்லை. அங்கிருப்பதாகக் காட்டும் கணக்குகளுக்கு வாயும் கிடையாது.

சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர்கள் சிலருடைய பக்கங்களை நான் பார்த்துக் கொடுக்கிறேன். விளம்பரத்துக்கென்று மாதம் தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவர்கள்தான் அதிகம். காசு போடாமல் ஆள் சேருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சேரும். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, அக்காவின் பதினாலு லைக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஃபாலோயர் என்றால் பேப்பர் சந்தா மாதிரி என்றுதான் பலர் மனதில் இருக்கிறது. பதினோராயிரம் பேர் சந்தா கட்டினால் பதினோராயிரம் வாசலில் பேப்பர் விழ வேண்டும் அல்லவா? அப்படி விழுந்த காலம் ரொம்பக் கொஞ்சம். ஒரு பக்கத்தில் போடும் பதிவு சராசரியாக அதன் ரசிகர்களில் 16 சதவீதம் பேரைத்தான் எட்டுகிறது என்று ஃபேஸ்புக் 2012-லேயே சொல்லிவிட்டது. இன்ஸ்டாகிராம் 2016-ல் நேர வரிசையை விட்டுவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து வரிசைப்படுத்தப் போவதாக அறிவித்தது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தலைவர் சக்கர்பெர்க், நண்பர்கள், குடும்பத்தார் போடுவதற்கே இனி முன்னுரிமை என்றார். கடைகளின் பக்கங்கள் இன்னும் கீழே இறங்கின. போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், பார்க்கிறவனுக்கு நாளுக்கு அதே இருபத்துநாலு மணி நேரம்தான் என்பது உண்மையான காரணம். இடம் குறைந்ததும் அந்த இடத்தை விலைக்கு விற்க வழி பிறந்தது என்பதும் உண்மைதான். காசு கொடுத்தால் பதிவை இன்னும் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தான், பதிவுக்குக் கீழே நீல நிறத்தில் சும்மா வந்து உட்காரவில்லை.

சின்ன ஆட்களுக்குக் கதவு திறந்தது 2020-ல். ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அடுத்த சில நாட்களில், ஜூலையிலேயே, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸ் என்ற குட்டி வீடியோக்களைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தது. டிக்டாக் போனாலும் அது பழக்கிவிட்டுப் போன வழி நின்றுவிட்டது: நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எதன்மேல் உங்கள் கட்டைவிரல் நிற்கிறது என்று பார்த்து அடுத்ததைக் காட்டுவது. அதனால் இன்று முந்நூறு பேர் இருக்கும் பக்கத்தின் வீடியோகூட முப்பதாயிரம் பேரிடம் போய் நிற்கலாம். பதினோராயிரம் பேர் இருக்கும் பக்கத்தின் வீடியோ பதினாலு லைக்கோடு படுத்தும் விடலாம்.

வேலை நடப்பது தோராயமாக இப்படி. நீங்கள் போட்டதைச் செயலி முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டுகிறது. அதில் உங்கள் ஃபாலோயர்களும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, இரண்டாவது நொடியில் தள்ளிவிட்டார்களா, யாருக்காவது அனுப்பினார்களா என்று கணக்கெடுக்கிறது. தேறினால் அடுத்த கூட்டம், இல்லையென்றால் அதோடு சரி. காசு கொடுத்துச் சேர்த்த ஆட்கள் அந்த முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டு எதையும் பார்க்காமல் இருப்பதுதான் அக்காவுக்கு வந்த வினை. பரிசோதனைக்குக் கொடுத்த சாம்பிளே கெட்டுப்போனது. இந்த மாதிரிப் போலி லைக்கையும் ஃபாலோயரையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. இருந்தும் அந்த வியாபாரம் அழியவில்லை. "நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னைப் பண்றேன்" என்று சேர்ப்பதும், "ஃபாலோ செய்து மூன்று பேரை டேக் செய்தால் மிக்ஸி பரிசு" என்று கூட்டுவதும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிகள்தான். மிக்ஸிக்காக வந்தவர் முறுக்கைப் பார்க்கமாட்டார்.

எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த நிறுவனங்களே அவ்வப்போது சொல்லியிருக்கின்றன. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் மூன்றைக் குறிப்பிட்டார்: பார்த்த நேரம், லைக், அப்புறம் பிறருக்கு அனுப்புவது. ஏற்கெனவே பின்தொடர்பவர்களிடம் போக லைக் சற்றுக் கூடுதலாக உதவும். இதுவரை தெரியாதவர்களிடம் போக, அனுப்புவது கூடுதலாக உதவும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆகவே வீடியோ எடுக்கும் முன் "இது அழகாக இருக்குமா" என்று யோசிப்பதைவிட, "இதைப் பார்த்ததும் ஒருத்தி தன் நாத்தனாருக்கு அனுப்புவாளா" என்று யோசிப்பது பலன் தரும்.

அக்காவின் பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினோம். மகனுக்கு மனசே இல்லை. பதினோராயிரத்தை விட்டுவிட்டுப் பூஜ்யத்திலிருந்தா என்று கேட்டான். பூஜ்யத்துக்கும் கீழே இருப்பதைவிட அது மேல் என்றேன். பழைய பக்கத்தில் இருந்த வீடியோக்கள் எல்லாம் ஒரே ரகம்: சினிமாப் பாட்டு, மெதுவாகச் சுழலும் எவர்சில்வர் தட்டு, மேலே ஆவி. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றை யாரும் யாருக்கும் அனுப்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

புதிய பக்கம் எட்டு மாதம் நத்தை மாதிரி நகர்ந்தது. ஜூலையில், வெளியே அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவர் முறுக்கு நமுத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா அவரிடம் கொஞ்சம் கோபமாகவே விளக்கிக்கொண்டிருந்தார். அவர் போனதும், "அக்கா, இப்போ சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போனைப் பிடித்தேன். நமுத்துப்போன முறுக்கை எடுத்து ஒடித்தார். சத்தமே இல்லை, வளைந்து பிய்ந்தது. அடுத்து அன்று போட்டதை ஒடித்தார். டக். "மழைக்காலத்துல முறுக்குமேல தப்பு இல்லை, டப்பாமேலதான் தப்பு" என்று ஆரம்பித்தார். சூடு ஆறும் முன் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் ஆவி மூடியில் நீர்கோத்துத் திரும்ப முறுக்கின்மேலேயே இறங்கும். ஃபேனுக்கு அடியில் நன்றாக ஆறவிட வேண்டும். ஒரு பெரிய டப்பாவை நாளுக்குப் பத்துத் தடவை திறப்பதைவிட நான்கு சின்ன டப்பாக்களில் பிரித்து வைக்க வேண்டும். நமுத்ததை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் புரட்டி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுவென்று ஆகும். மொத்தம் ஐம்பது நொடி. பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்தது, அதையும் வெட்டவில்லை.

இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்த பக்கம். அந்த வீடியோ ஒன்பதாயிரத்தைத் தாண்டி ஓடியது. பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஃபாலோயர் இல்லாதவர்கள். அறுநூறு பேருக்குமேல் அதை யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வாஷியிலும் இருக்கும் எத்தனை சமையலறைகளில் அந்த வாரம் டப்பா மாறியதோ!

இதில் ஒரு சின்ன விஷயத்தையும் சொல்ல வேண்டும். மும்பைக்காரர்கள் ரீல்ஸ் பார்ப்பது பெரும்பாலும் லோக்கல் ரயிலில். காலை நேர டோம்பிவிலி ஃபாஸ்ட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போன் வைத்திருப்பவர் ஒலியைத் திறக்கமாட்டார். அதனால் "நமுத்த முறுக்கு", "இன்று போட்டது" என்று இரண்டு வரி திரைமேல் எழுதினோம். சத்தத்தை வைத்து எடுத்த வீடியோவைச் சத்தமில்லாமலும் புரியும்படி செய்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

அந்த ஒன்பதாயிரத்தில் ஃபாலோயராக மாறியவர்கள் எத்தனை? நூற்று முப்பது. இந்தக் கணக்கைக் கேட்டதும் பலருக்கு முகம் விழுந்துவிடுகிறது. வீடியோ பிடித்தால் லைக் போடுவார்கள். இதே மாதிரி இன்னும் வரும் என்று தோன்றினால்தான் பின்தொடர்வார்கள். பிடித்துப்போய் உள்ளே வருகிறவர் முதலில் பார்ப்பது மேலே இருக்கும் இரண்டு வரி, அதற்கடுத்து முதல் ஒன்பது கட்டங்கள். பழைய பக்கத்தில் அக்காவின் மகன் "உணவுப் பிரியை, கனவு காண்பவள்" என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். முறுக்கு விற்கிறார்கள் என்ற செய்தியே எங்கும் இல்லை. இப்போது பெயர் இருக்கும் இடத்திலேயே "தாராவி கைமுறுக்கு" என்று இருக்கிறது. தேடும்போது அந்தப் பெயர்தான் சிக்கும். 2025 ஜூலையிலிருந்து, தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வர இன்ஸ்டாகிராம் வழிவிட்டது. எனவே கேப்ஷனில் நான்கு இதயப் படம் போடுவதைவிட "சயானில் சீடை கிடைக்கும்" என்று ஒரு வரி எழுதுவது நல்லது. யூடியூபில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒரு வீடியோவின் தலைப்பும் படமும் நூறு தடவை கண்ணில் பட்டால் எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று காட்டுவார்கள். பாதிச் சேனல்களுக்கு அது 2-லிருந்து 10 சதவீதத்துக்குள்தான் என்று யூடியூபே சொல்கிறது. மூன்று சதவீதம் வந்ததற்கு உட்கார்ந்து அழ வேண்டாம்.

மொழிதான் மும்பைத் தமிழரை அதிகம் குழப்புகிறது. தமிழில் பேசினால் வீடியோ தமிழ் பார்ப்பவர்களிடம் போகும், அதாவது பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு. மகாராஷ்டிராவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சம் பேர். தமிழ்நாட்டின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு பிடி. மதுரையில் உட்கார்ந்து லைக் போடுகிறவரால் அக்காவின் வியாபாரத்துக்கு என்ன லாபம்? இந்தியில் பேசினால் மும்பை முழுவதும் கிடைக்கும், ஆனால் அங்கே சக்லி என்று மராட்டியர் சொல்லும் முறுக்கு விற்பவர்கள் ஆயிரம் பேர். அந்தக் கூட்டத்தில் இவர் இன்னொரு ஆள். நான் பார்த்தவரை, எதையாவது விற்கிறவர்கள் வாயால் தமிழும் திரையில் இந்தியும் வைத்துக்கொள்வது சரியாக வருகிறது. நமுத்த முறுக்கு ஒடியாததைப் பார்க்க மொழி எதற்கு? புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், முழுக்கத் தமிழிலேயே பேசி 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் அதுதான். அண்டாவில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததால் தமிழ் தெரியாதவர்களும் நின்றார்கள். ஆனால் பேச்சை மட்டும் நம்பி நடத்தும் பக்கத்துக்கு இந்த வழி ஒத்துவராது. ரயில் பாஸ், வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு மாற்றம் என்று மும்பைக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்குச் சொல்லித்தருகிற பக்கம் என்றால் தமிழிலேயே நின்றுவிடலாம். ஆள் குறைவுதான், ஆனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் இட்லிக்காரர்களை மும்பையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்னால் அலுமினியப் பாத்திரம், ஹாண்டில்பாரில் ரப்பர் ஹாரன். எங்கள் கட்டடத்துக்கு வருகிறவர் ஏழே முக்காலுக்கு வருவார். ஹாரன் கேட்டதும் மூன்றாம் மாடி மராட்டிப் பாட்டி கிண்ணத்தோடு இறங்குவார். ஒருநாள் அவர் எட்டரைக்கு வந்தபோது அதே ஹாரனுக்கு யாரும் இறங்கவில்லை. இணையத்தில் "எத்தனை மணிக்குப் போட்டால் ரீச் வரும்" என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காலை ஒன்பதா இரவு எட்டா என்பதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இன்சைட்ஸிலேயே உங்கள் ஆட்கள் எப்போது விழித்திருக்கிறார்கள் என்று இருக்கிறது, அதைப் பார்த்து ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் போட்டால் போதும். தினமும் மூன்று போட வேண்டும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு மாதத்தில் ஓய்ந்துபோனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அக்கா வாரத்துக்கு இரண்டுதான் போடுகிறார்: எண்ணெய்ச் சட்டி வைக்காத செவ்வாயும் வெள்ளியும்.

இட்லிக்காரரிடம் இன்னொன்றும் உண்டு. பாட்டியிடம் "பேரன் பரீட்சை எப்படி எழுதினான்" என்று கேட்டுவிட்டுத்தான் சட்னி ஊற்றுவார். கமெண்ட் பகுதி அதற்குத்தான் இருக்கிறது. இது வெறும் நல்லெண்ணம் இல்லை, கணக்கிலும் வருகிறது. 2023-ல் ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தபோது அதனுடன் மதிப்பெண் பட்டியலும் வெளியே தெரிந்தது. ஒரு லைக்குக்கு 0.5. மறுபதிவுக்கு 1. ஒருவர் பதில் எழுதினால் 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவு போட்டவரே திரும்பப் பேசினால் 75. புகார் செய்தால் கழித்தல் 369. இன்ஸ்டாவுக்கு இதே எண்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒரு லைக்குக்கும் ஒரு பேச்சுவார்த்தைக்கும் நடுவில் நூற்றைம்பது மடங்கு வைத்த மனிதர்கள் எதை மதித்தார்கள் என்று தெரிகிறது. "அக்கா, அரிசி மாவு கடையில வாங்குனதா, அரைச்சதா?" என்று ஒருத்தி கேட்டால், அதற்குக் கைகூப்பும் படம் போட்டு நகர்வது வீண். அரைத்ததுதான், மாட்டுங்கா லேபர் கேம்ப் மில்லில் அரைத்தது, இடித்த உளுந்து எவ்வளவு என்று எழுதினால் அவள் மறுபடி கேட்பாள். அடுத்த வீடியோவும் அந்தக் கேள்வியிலிருந்தே கிடைத்துவிடும். அக்காவுக்குத் தட்டச்சு வராது, தமிழில் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது.

பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து போடுவதும் காசில்லாத வழிதான். 2021 முதல் இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவை இரண்டு கணக்குகளின் பெயரில் போடலாம். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் போகும். கோகுலாஷ்டமிக்கு மாட்டுங்காவில் ஒரு பூக்கடை அண்ணனும் அக்காவும் சேர்ந்து துளசியும் சீடையும் என்று ஒரு பதிவு போட்டார்கள். லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கும் உணவு விமர்சகரிடம் போய் நிற்பதைவிட, அதே தெருவில் அதே ஆட்களுக்கு வேறு பொருள் விற்பவரிடம் போவது எப்போதும் மேல்.

இவ்வளவு செய்து சேர்த்த ஆட்கள் நம்முடையவர்களா என்றால் அதுவும் இல்லை. மும்பையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 11 மாத லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தம் பழக்கம். ஃபாலோயர் விஷயமும் அந்த மாதிரிதான், வீட்டுக்காரர் மனது மாறினால் பெட்டியைக் கட்ட வேண்டும். 2020-ல் டிக்டாக்கில் லட்சக்கணக்கில் ஆள் வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் அது நடந்தது. அதனால்தான் ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் அக்கா முதல் வேலையாக "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்கிறார். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. உங்களை வேண்டாம் என்றவரின் போனுக்குள் காசு கொடுத்தாலும் இந்த வழியில் நுழைய முடியாது.

அக்காவின் முதல் பட்டியலில் இப்போது 190 பேர். புதிய பக்கத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சில்லறை. பழைய பக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது, மகன் ஊருக்குப் போனால் மாமாக்களிடம் அதைத்தான் காட்டுகிறான்.

இந்தத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு போனபோது அக்கா மாவு பிசைந்த கையோடு, போனைத் தொடாமல் ஒரு வாய்ஸ் மெசேஜைப் போடச் சொன்னார். முலுண்டிலிருந்து ஒரு பெண். "அக்கா, அந்த டக்குன்னு சத்தம் வர்ற முறுக்கு அரைக் கிலோ. மாமியார் கேக்குறாங்க, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மியா."